மெழுகு விழுந்த பத்திரம்

இந்தப் பிரெஞ்சு ஊரில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அவரைத் தூரத்தில் கண்டாலே சனம் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடும். சண்டை நடந்த காலத்தில் காசு கேட்பார் என்று மாறினார்கள். சண்டை முடிந்த பிறகு கொஞ்சக் காலம் அவரே மாறிப் போனார், கொடுத்த காசைச் சனம் திருப்பிக் கேட்கும் என்று. கடைசி வருடங்களில் திரும்பவும் சனம்தான் மாறியது. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெயர் எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் அவர் அண்ணை, அவ்வளவுதான்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. மன்னார்ப் பக்கம், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். செபப் புத்தகம் வாசிப்பதோடு என் வாசிப்பும் முடிந்துவிடும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் கைதான். எங்கள் வீடு லா கூர்னெவில், அடுக்குமாடியில். மகள் பால் குடிக்கிற வயதில் அவர் முதன்முதல் வந்தார். சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்தார். வணக்கம் சொன்னார். அடுத்த வார்த்தை, “தங்கச்சி, கை கழுவ எங்கை?” என்பதுதான். ஆள் சாப்பிட வந்திருக்கிறார், வீட்டில் கறியும் இல்லையே என்று நான் குசினிப் பக்கம் பார்த்தேன். அவர் சவர்க்காரம் போட்டு, நகத்துக்குள் எல்லாம் தேய்த்து, துடைத்து, வந்து உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்தார். அதைத் தொடத்தான் அந்தக் கழுவல். கோயிலில் நற்கருணை வாங்கப் போகிற எங்கள் சனம்கூட அப்படிக் கை கழுவிப் போவதில்லை.

பத்திரம் என்று சொன்னாலும் அது பார்வைக்குக் காசுத்தாள்தான். தடித்த கடதாசி, நாலு ஓரமும் இலைக்கொடி, நடுவில் தொகை எழுத இடம். நாடு விடிந்ததும் இத்தாளைக் கொண்டு வருபவருக்கு இத்தொகை கொடுக்கப்படும் என்று அச்சடித்திருந்தது. கீழே இயக்கத்தின் முத்திரை. அதற்குக் கீழே அவர் கையெழுத்து.

“பேர் எழுதுறது ஒரு மரியாதைக்குத்தான். ஆர் கொண்டு வந்தாலும் குடுபடும்” என்றார்.

அதனால் அந்தக் காலத்தில் அது கைமாறவும் செய்தது. சாமத்திய வீட்டில் காசுக்குப் பதிலாக உறைக்குள் பத்திரம் வைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. வாங்கினவர்களும் கண்ணில் ஒற்றித்தான் வாங்கினார்கள். சீட்டுக் காசுக்கு ஒருவர் பத்திரத்தைக் கொடுத்து முடித்ததையும் நான் அறிவேன்.

எங்கள் வீட்டுக்காரரிடம், நான் இவர் என்றே எழுதுகிறேன், அண்ணை கேட்ட தொகை எங்களுக்குப் பெரிது. இவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அண்ணை மகளைப் பார்த்தார்.

“உங்கட பிள்ளை இஞ்சை பால் குடிக்குது, தம்பி. அங்கை தாய்மாருக்குப் பால் வத்திப் போச்சு.”

இப்போது யோசித்தால் எனக்குக் கோபம் வருகிறது. மடியில் பிள்ளையை வைத்திருக்கிறவளுக்கு முன்னால் அப்படிக் கதைக்கலாமா? ஆனால் அன்றைக்கு நான் அழுதேன். இவர் வங்கியில் கிரெடி, அதுதான் கடன், எடுத்துத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட வாயோடு, அந்த நாட்களில் எவரும் கேட்கக் கூடாத ஒன்றையும் கேட்டுவிட்டார்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. நாடு கிடையாமல் போனால்?”

இதைக் கேட்டதற்கே ஆட்களைத் துரோகி என்ற காலம். அண்ணை கோபிக்கவில்லை.

“கடதாசிக்குப் பின்னாலை ஒரு ஆள் நிக்கோணும், தம்பி. அப்பதான் அது காசு. இதுக்குப் பின்னாலை இயக்கம் நிக்குது. இயக்கத்துக்கு ஒண்டெண்டால்…” நெஞ்சில் விரலை வைத்தார். “நான் நிக்கிறன்.”

காசு சேர்க்க வந்த எல்லோரும் இப்படித்தான் ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். இதை ஆர் பெரிதாக எடுத்தது?

காசு கொடுத்த அன்று என்னிடம் பத்திரத்தைத் தந்து சத்தமாக வாசிக்கச் சொன்னார். நான் விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்து முடிக்கும்வரை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கைகட்டி நின்றார். பிறகு தேத்தண்ணி ஊற்றட்டோ என்று கேட்டேன்.

“வேண்டாம், தங்கச்சி. காசு வாங்கின வீட்டிலை வாய் நனைக்கிறேல்லை. கடதாசி திரும்பி வாற அண்டைக்குக் குடிப்பம்.”

பத்திரத்தை மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்தேன். சண்டையின் கடைசி மாதங்களில் ஒவ்வொரு பின்னேரமும் மெழுகுதிரி கொளுத்திச் செபமாலை சொல்லுவோம். ஒரு நாள் தொலைக்காட்சியில் காட்டிய ஒன்றைப் பார்த்துச் சட்டென்று எழும்பியதில் என் கை தட்டி மெழுகுதிரி கவிழ்ந்துவிட்டது. சுரண்டி எடுத்தும் பத்திரத்தின் மூலையில் எண்ணெய் மாதிரி ஒரு கறை நின்றது. வாலோடு ஒரு மீன் போல. ஓரத்து இலைக்கொடியில் ஒரு துண்டும் சுரண்டலோடு போய்விட்டது.

பிறகு எல்லாம் முடிந்தது. அது உங்களுக்குத் தெரியும். நாடு போனது. கிரெடி போகவில்லை. மாதா மாதம் வங்கி வெட்டிக்கொண்டே இருந்தது. வெட்டுகிற ஒவ்வொரு முறையும் இவர் சுரூபத்தைப் பார்த்துச் சொல்லுவார், “உன்ரை மாதாவின்ரை காலுக்குக் கீழை என்ரை உழைப்புக் கிடக்கு.”

அண்ணையைக் காணவில்லை. கனடாவுக்கு ஓடிவிட்டார் என்றார்கள். லண்டனில் எங்கள் காசில் வீடு வாங்கிவிட்டார் என்றார்கள். அந்த வீட்டைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தவர்களும் உண்டு. கதவின் நிறம்கூடச் சொன்னார்கள். உண்மையில் ஆள் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தின் நிலவறையில் பிளோஞ் செய்துகொண்டிருந்தார். பகலெல்லாம் கோப்பை கழுவல். விடியப்புறம் லா சப்பல் கடைகளில் மரக்கறிப் பெட்டி இறக்கல்.

அது எனக்குத் தெரிய வந்தது சார்செலில் இருக்கும் ஒரு அக்கா சொல்லித்தான். அவவின் மூத்த மகன் அங்கே சண்டையில் போனவன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டா.

“நேற்று அந்தாள் வீட்டை வந்ததடி. வந்து, கை கழுவ எங்கை எண்டு கேக்குது!”

“பிறகு?”

“கடதாசியைக் கேட்டார். காசை மேசையிலை வைச்சார். முழுக்காசும். என்னைத் திருப்பி வாசிக்கச் சொன்னார். இயக்கம் குடுத்துவிட்டதோ எண்டு கேட்டன். இல்லை அக்கா, நான்தான் எண்டார். கடதாசியை வாங்கிப் பைக்குள்ளை வைச்சுப்போட்டு, இப்ப ஒரு தேத்தண்ணி தாங்கோ எண்டு கேட்டு வாங்கிக் குடிச்சவர். ரெண்டு கோப்பை!”

அவ அழுதா. நானும் அழுதேன். இப்படியும் ஒரு மனிதனை ஆண்டவர் எங்களுக்குக் காட்டினாரே என்று அன்றிரவு செபத்தில் நன்றி சொன்னேன். அவர் கலியாணம் கட்டவில்லை. ஊரில் தகப்பன் கொடுத்த காணியை விற்றிருந்தார். தான் கையெழுத்துப் போட்ட பத்திரம் ஒன்றும் வெளியில் நிற்கக் கூடாது, அதை முடித்துவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும். அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். சேர்கிற காசுக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொரு வீடாகப் போனார்.

கதை லா சப்பலில் பரவியது. செத்துப்போன காசுக்கு உயிர் வந்துவிட்டது. அரிசிப் பேணிக்கு அடியில் விரித்திருந்த பத்திரம், குப்பைக்குப் போக இருந்த பத்திரம் எல்லாம் வெளியில் வந்தன. பக்கத்து வீட்டாரிடம் அரைவிலைக்கு வாங்கி அவரிடம் முழுவிலைக்குக் கொண்டுபோனவர்களும் இருந்தார்கள். கொண்டு வருபவருக்கு என்றுதானே எழுதியிருக்கிறது! உணவகத்தின் பின்கதவில் ஆட்கள் காத்து நின்றார்கள். ஒருவன் சொன்னானாம், “முந்தி எங்கட வீட்டுக் கதவைத் தட்டினனீங்கள்தானே அண்ணை. இப்ப எங்கட முறை.” அவர் ஈரக்கையோடு நின்று, “ஓம், வாறன், வாறன்” என்றாராம்.

எங்களிடம் அவர் வரவில்லை. நானும் கேட்கவில்லை. இவர்தான் கேள், கேள் என்று என்னை அரித்தார். முறை வரும், அவராக வருவார் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாட்களில் நான் கிரான் பூல்வார் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் துப்புரவு வேலை செய்தேன். பழைய முத்திரை, பழைய நோட்டு விற்கிற கடை. முதலாளி வயதான பிரெஞ்சுக்காரர், நல்ல மனிதர். ஒரு புதுவருடத்துக்கு எனக்கு ஒரு கிழிந்த நோட்டைத் தந்தார். விற்க உதவாது, வைத்துக்கொள் என்றார். அரசனைக் கழுத்து வெட்டிய காலத்தில், புரட்சிக்காரர்கள் சண்டைச் செலவுக்கு அடித்த காசாம். அடித்து அடித்துக் கடைசியில் பாண் வாங்கவும் உதவவில்லையாம். பிறகு சனம் பார்க்கப் பெரிய சதுக்கத்தில் வைத்து அந்த அச்சுகளை எரித்தார்களாம். கிழியாததென்றால் இன்றைக்கு நல்ல விலை போகும் என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அண்ணையை வீதியில் கண்டேன். அந்த நோட்டைக் காட்ட வேண்டும், வாருங்கள் என்று வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வழக்கம்போலக் கை கழுவினார். இரண்டு கையாலும் வாங்கினார். முன்னும் பின்னும் பார்த்தார். மகள் அப்போது சின்ன வகுப்பு. அவளைக் கூப்பிட்டு, “இதிலை என்ன எழுதிக் கிடக்கு, குஞ்சு?” என்றார்.

அவள் பிரெஞ்சில் வாசித்துவிட்டுத் தமிழுக்குத் தடுமாறினாள். “கள்ளமாச் செய்யிற ஆளுக்குச் சட்டம் மரணம் குடுக்கும். அந்த ஆளைச் சொல்லிக் குடுக்கிறவருக்கு நாடு பரிசு குடுக்கும்.”

அண்ணை சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

“எங்கட ஆக்கள் எழுதினது போல எல்லோ கிடக்கு!”

தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த இவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அண்ணை ஒரு தரம் இவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அச்சை எரித்த கதையையும் நான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“குடுத்து வைச்ச சனம், தங்கச்சி. முடிஞ்சுது எண்டு ஆரோ முன்னுக்கு வந்து எரிச்சுக் காட்டியிருக்கிறாங்கள். எங்களுக்கு ஒருத்தரும் வந்து முடிஞ்சுது எண்டு சொல்லேல்லை. சொல்லியிருந்தால் நானும் படுத்து நித்திரை கொண்டிருப்பன்.”

நோட்டைத் திருப்பித் தந்துவிட்டு, மாதா சுரூபத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த பத்திரத்தின் மீன் கறையைக் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். தேத்தண்ணி கேட்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, இவர் வேலைக்குப் போன நேரம் வந்தார். ஆள் மெலிந்து, கோட்டு தோளில் தொங்கியது. கை மட்டும் தண்ணீரில் ஊறி வீங்கியிருந்தது. அந்தக் கையையும் கழுவினார். மேசையில் மூன்று பத்திரங்களை வரிசையாக வைத்தார்.

“பாருங்கோ, தங்கச்சி.”

மூன்றிலும் வேறு வேறு பெயர். மூன்றிலும் எங்கள் தொகை. மூன்றின் மூலையிலும் சாம்பல் நிறத்தில் ஒரு மீன், அதே வாலோடு. இலைக்கொடி உடைந்த இடமும் அதே இடம். என் வீட்டு மெழுகுக் கறையைப் பிரதி எடுக்கிற இயந்திரத்துக்குள் விட்டு அச்செடுத்திருந்தார்கள்.

என் கண் மாதா சுரூபத்துக்குப் போனது. வீட்டுக்குள் இருக்கிற ஆள் எடுக்காமல் அது வெளியே போயிருக்க முடியாது.

அவர் மெதுவாகக் கேட்டார், “இப்பவும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துறனீங்களோ?”

“ஓம், அண்ணை.”

“கொளுத்துங்கோ. விடாதேங்கோ.”

ஆர், எவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இதுகளுக்கும் காசு குடுத்தனீங்களோ?”

“குடுத்தன்.”

“தெரியாமலோ?”

“முதல் வந்தது தெரியாமல். அடுத்தது ஐமிச்சத்தோடை. கடைசி, தெரிஞ்சு.”

“ஐயோ, ஏன் அண்ணை?”

“என்ரை கையெழுத்துக் கிடக்கே. கள்ளம் கடதாசியிலைதான். கையெழுத்து நான் போட்டதுதானே.” மூன்று தாளையும் விரலால் நேராக்கினார். “உங்கட மட்டுமில்லை, தங்கச்சி. வேறை வீட்டுக் கறையளும் வருது. ஒரு வீட்டிலை மஞ்சள், ஒரு வீட்டிலை பிள்ளை கீறின கோடு. நான் குடுக்கக் குடுக்கப் பத்திரம் குட்டி போடுது.”

பிறகு கோட்டுப் பைக்குள் இருந்து ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தார். “இப்ப அசலைத் தாங்கோ. இதுதான் நான் போட்டது. இது ஒண்டாவது என்ரை கையிலை வரட்டும்.”

நான் சுரூபத்தைத் தூக்கிப் பத்திரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். உறையை அவர் பக்கம் தள்ளினேன்.

“கொண்டு போங்கோ, அண்ணை. காசு வேண்டாம். எங்கட வீட்டுக்கு மூண்டு தரம் வந்திட்டுது.”

“அது வேறை. இதுக்குக் காசு இது.”

“நான் வாங்க மாட்டன். வாங்கினால் அது களவு.”

“சும்மா வாங்கினால் அது பிச்சை, தங்கச்சி. நான் பிச்சைக்கு வரேல்லை.”

நான் கெஞ்சினேன். மாதாவின் பேரில் கேட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மேசையில் பத்திரம் ஒரு பக்கம், உறை ஒரு பக்கம். மகள் அறை வாசலில் நின்று, “மமோன், என்ன நடக்குது?” என்றாள். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் கோப்பையைப் பார்த்தார். ஆவி பறந்தது. கை கோப்பைக்குக் கிட்டப் போனது போலத்தான் இருந்தது. பிறகு உறையையும் அந்த மூன்று கள்ளப் பத்திரங்களையும் எடுத்துக் கோட்டுக்குள் வைத்தார்.

“மற்றதெல்லாம் எப்பவோ வந்து சேரும். இது ஒண்டு வெளியிலை நிக்கப்போகுது” என்று சொல்லிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

இவர் வேலையால் வந்ததும் பத்திரத்தை மேசையில் வைத்தேன். நான் வாய் திறக்கும் முன்னமே இவருக்கு விளங்கிவிட்டது.

“பாக்காதை அப்பிடி. பத்திரத்திலை எழுதின காசைத்தான் அவர் தருவார். நான் வங்கிக்குக் கட்டின வட்டி? அதை ஆர் தாறது? உன்ரை மாதா கட்டினவவோ?”

“அதுக்கு மூண்டு தரமோ?”

“ரெண்டு தரம் சினேகிதங்களுக்கும் பங்கு குடுத்தனான். பிள்ளையைக் காட்டிக் காசு கேட்டவர்தானே. அண்டைக்கு நீ அழுதனி. நான் மறக்கேல்லை.”

இவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் இன்றைக்கும் என் வாயில் கசக்கிறது.

சனம் ஏன் மறுபக்கம் மாறியது என்று தொடக்கத்தில் சொல்ல வந்தேனே, அது இதற்காகத்தான். அவரிடம் கள்ளப் பத்திரம் கொடுத்துக் காசு வாங்கினவர்களுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரூ பஜோலில் சைவக் கோயில் தேர் வரும் நாளில் ஒரு முறை கண்டேன். அவ்வளவு சன நெரிசலிலும் அவரைச் சுற்றி மட்டும் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. அவர் தேரைக் கும்பிடவில்லை. வடம் பிடிக்கிற கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போன மாரியில், பெட்டி இறக்கிய இடத்தில் இருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். நெஞ்சு. செத்த வீட்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டு ஒரு பெடியன் வீட்டுக்கு வந்தான். இவர் மறுக்காமல் எடுத்துக் கொடுத்தார். “ரசீது வேணுமோ, அண்ணை?” என்று பெடியன் பகிடியாகக் கேட்க, இருவரும் சிரித்தார்கள்.

மண்டபம் நிறைந்த சனம். வீதி மாறினவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். நல்ல மாலை, நல்ல பூ. பேசினவர் சொன்னார், “அவர் கையெழுத்திட்ட ஒரு தாள்கூட இன்று வெளியில் இல்லை. அத்தனையும் மீட்டுவிட்டுத்தான் எங்கள் அண்ணை கண்ணை மூடியிருக்கிறார்.” சனம் தலையாட்டியது. இவரும் ஆட்டினார். கண்ணையும் துடைத்தார்.

என் கைப்பைக்குள் மெழுகு விழுந்த பத்திரம் இருந்தது. பெட்டிக்குள் வைத்துவிடலாம், இனி மறுக்க ஆள் இல்லைத்தானே என்று நினைத்துத்தான் கொண்டு போனேன். கிட்டப் போனேன். கை மேல் கை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். வீக்கம் வற்றி, சுத்தமான கை. கைப்பையைத் திறந்தேன். சும்மா வாங்க மாட்டன் என்று சொன்ன மனிதனிடம், வாய் மூடின பிறகு திணிப்பதா? ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுப் பையை மூடினேன்.

திரும்பி வரும்போது ரயிலில் இவர் ஜன்னல் பக்கம் இருந்தார். லா கூர்னெவ் கிட்ட வந்ததும் பெருமூச்சு விட்டார்.

“நல்ல மனிசன். எல்லாத்தையும் முடிச்சுப்போட்டுத்தான் போயிருக்கிறார், என்ன?”

நான் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஓம்” என்றேன்.